எண்ணூர் முகத்துவாரத்தில் கிளம்பாத கார்

இல்லை, பேட்டரி இல்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சாவியைத் திருப்பினால் இன்ஜின் வேகமாகவே சுற்றியது. சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. பேட்டரி போயிருந்தால் சுற்றவே சுற்றாது, அல்லது இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிடும். தவிர, பேட்டரி புதிது. அதை மாற்றிய கதையும் வரும்.

போன தை மாதத்தின் கடைசி ஞாயிறு. கார் மெர்லினுடையது. நாங்கள் இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் இலக்கியம், அவள் மருத்துவ ஆய்வகப் படிப்பு. இப்போது எண்ணூரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். காலை ஆறரைக்கு வேலை. வீடு ராயபுரத்தில். விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்பதும், இறங்கியபின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருட்டில் நடப்பதும் முடியாமல் போனபோதுதான் இந்தப் பழைய சிறிய பெட்ரோல் காரை வாங்கினாள்.

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு காலைகளில் கிளம்ப மறுத்துவிட்டது. ஒருமுறை எர்ணாவூர் பக்கம் சிக்னலில் அணைந்து, டிரெய்லர்களின் நடுவே நின்றுபோனது. ரயில்வேயில் வேலை செய்யும் அவள் அண்ணன் ராய்ஸ்டன் போய்த் தள்ளி ஓரம்கட்டினார். அன்றிலிருந்து விற்றுவிடலாம் என்கிறார். அவருக்கு அது பயம். கோபமாக வெளியே வந்தது. வாங்கிய சமயத்தில் மெர்லின் வெளியூரில் இருந்ததால் ஆர்.சி. அவர் பெயரில். அவரால் விற்கவும் முடியும். அந்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஒரு புரோக்கரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

மெர்லின் கடைசியாக ஒரு ஒப்பந்தம் பேசினாள். காலையில் எண்ணூர் முகத்துவாரம் வரை போய் வருகிறேன். ஒரு தடவைகூட மக்கர் பண்ணாமல் திரும்பினால் வண்டி இருக்கட்டும். இல்லையென்றால் கொடுத்துவிடலாம். அண்ணன் சரி என்றார். கார் போனால் வேலையும் போகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் ஏன் போனேன் என்றால், நான் முகத்துவாரத்தைப் பார்த்ததில்லை. நகரத்துக்குள்ளேயே அரை நாளில் போய்வரக்கூடிய இடங்களைத்தான் இந்தத் தொடரில் எழுதிவருகிறேன். பக்கத்து சீட்டில் யாராவது இருந்தால் தேவலை என்றாள். போனேன்.

காலை ஆறு பத்துக்கு ராயபுரத்திலிருந்து புறப்பட்டோம். பனி. தெருவிளக்குகள் பஞ்சு வைத்தது போல இருந்தன. மெர்லினின் அப்பா காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். படகின் மேல் போடும் தார்ப்பாயால் இரவு காரை மூடி வைத்திருந்தார். அவரே அதை உருவினார். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, பானெட்டைத்தான் பார்த்தார். போய்ட்டு வாங்க என்று அதனிடம் சொன்னது போல இருந்தது.

காசிமேட்டைத் தாண்டுவதுதான் கடினம். ஞாயிறு காலை நகரமே அங்கே மீன் வாங்க வருகிறது. ஸ்கூட்டர்கள், ஐஸ் ஏற்றிய வண்டிகள், தலையில் கூடையோடு குறுக்கே வரும் பெண்கள். ஒரு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம். இந்தப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் ஞாயிற்றைத் தவிர்க்கலாம், அல்லது மீன் வாங்குவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன்பின் சாலை திறக்கிறது. வலது பக்கம் கடல், அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள், நடுநடுவே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்புகள். இடது பக்கம் குப்பங்கள், சேமிப்புக் கிடங்குகள், மதில்கள். பிறகு டிரெய்லர்கள். துறைமுகத்துக்குள் போக முறைக்குக் காத்திருப்பவை. ஒன்றன் பின் ஒன்றாக, கிலோமீட்டர் கணக்கில். ஓட்டுநர்கள் வண்டியின் அடியில் கட்டிய கேனிலிருந்து தண்ணீர் பிடித்துப் பல் துலக்குகிறார்கள். ஒருவர் கன்டெய்னரின் நிழலில் அடுப்பு வைத்து வெங்காயம் வதக்கினார். வாசனை எங்கள் காருக்குள் வந்துவிட்டுப் போனது. நகரம் வாங்கும் பொருள்களில் பாதி இந்த வரிசையில் நின்றுதான் வருகிறது. நகரத்தில் இருக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

திருவொற்றியூரில் டீ. இரண்டு டீ முப்பது ரூபாய். இன்ஜினை அணைக்க மெர்லினுக்குத் தயக்கம். அணைக்கவில்லை. நான் இறங்கி வாங்கி வந்தேன், அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குடித்தாள். எர்ணாவூர், கத்திவாக்கம், பிறகு எண்ணூர். ஏழு பத்துக்கு முகத்துவாரம். வண்டி மீட்டரில் சரியாகப் பதினைந்து கிலோமீட்டர்.

முகத்துவாரம் என்பது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அக்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இக்கரையில் மணல், படகுகள், வலைக் குவியல்கள். ஆற்றில் இடுப்பளவு நீரில் சில பெண்கள் குனிந்து, தண்ணீருக்கு அடியில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். அதனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. புகைபோக்கிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு. புகைப்படம் எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அழகு என்று சொல்லவும் முடியவில்லை, அழகில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

காரைக் கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தோம். காட்சிக்காக. ஒரு மணி நேரம் காற்று முகத்தில் அடித்தது. உதட்டில் உப்பு. எட்டேகாலுக்குத் திரும்பலாம் என்று மெர்லின் சாவியைத் திருப்பினாள்.

சுற்றியது. பற்றவில்லை.

மறுபடி. மறுபடி. நான்காவது முறை அவள் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். ஆய்வகத்தில் ஒரு முடிவு ஒத்துவராதபோது இப்படித்தான் உட்காருவாளோ என்று தோன்றியது.

கார் நின்றுபோனால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பைக்கில் தூண்டில் போட வந்த ஒருவர் முதலில் வந்தார். பெட்ரோல் இருக்கிறதா என்றார். இருந்தது. பேட்டரிதான் என்றார். புதிது என்றோம். புது பேட்டரியும் போகும் என்றார். பிறகு தள்ளலாம், செகண்ட் கியரில் விட்டுப் பார்க்கலாம் என்று ஆள் சேர்க்கக் கிளம்பினார். மெர்லின் வேண்டாம் என்றாள். யாரும் தள்ளக் கூடாது, தள்ளிக் கிளம்பிவிட்டால் எதனால் நின்றது என்றே தெரியாமல் போகும். அவர் புண்பட்டுப்போய் தூண்டிலிடம் திரும்பினார். ஆனால் கவனம் முழுக்க எங்கள் மேல்.

பக்கத்தில் நண்டு விற்றுக்கொண்டிருந்த செல்வி அக்கா மட்டும் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை.

"இன்னா கண்ணு, ஊரப் பாக்க வந்து ஊரோடவே தங்கிடலாம்னு வந்துட்டீங்களா?" என்றார். "தங்குங்க. நண்டு கீது, சோறாக்கித் தரேன்."

மெர்லின் சிரிக்கவில்லை. இறங்கி பானெட்டைத் திறந்தாள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பழைய வகை பெட்ரோல் காரில் காயில் என்று ஒன்று உண்டு. பேட்டரியின் சிறிய மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றித் தருவது அது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை வாங்கி, தடித்த வயர்கள் வழியாக ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வைத்து அனுப்பும். இந்தக் காரில் மூன்று ப்ளக்குகள். ப்ளக்கின் நுனியில் அது பொறியாகத் தாவும், பெட்ரோல் பற்றும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் இன்ஜின் சுற்றும், உயிர் வராது.

இந்தச் சங்கிலியில் மெர்லின் ஏற்கெனவே நிறைய மாற்றியிருந்தாள். முதல் தடவை நின்றபோது மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். கார் கிளம்பியது. அடுத்த தடவை ப்ளக்குகள். கிளம்பியது. எர்ணாவூருக்குப் பிறகு காயில். அப்போதும் கிளம்பியது. ஒவ்வொரு முறையும் குற்றவாளி பிடிபட்டதாக எல்லோரும் நம்பினார்கள்.

"இப்ப நாலாவது தடவை நிக்கும்போதுதான் எனக்கு ஒறச்சுது," என்றாள் மெர்லின். "மூணு தடவையும் காலைல நின்னுச்சு. மூணு தடவையும் மெக்கானிக் வந்தது மதியம். மதியத்துக்கு மேல எதுவுமே மாத்தலன்னாலும் அது கெளம்பியிருக்கும்."

இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தானாகச் சரியாகும் ஒன்று சரியாகும் நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்கு நாம் நன்றி சொல்கிறோம். நான் நன்றி சொன்னவை சில நினைவுக்கு வந்தன.

அவள் முறை இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்தாள், மேலும் பெட்ரோல் ஊறக் கூடாது என்பதற்காக. ஒரு ப்ளக்கைக் கழற்றினாள். நுனி ஈரமாக இருந்தது, பெட்ரோல் வாசனை. ஆக, எரிபொருள் வருகிறது. அதைத் துடைத்து, வயரை மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து இன்ஜினின் இரும்பில் தொட வைத்தாள், ப்ளக் எடுத்த துளையிலிருந்து நன்றாகத் தள்ளி. நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

பொறி இருந்தது. ஆனால் மஞ்சளாக, மெலிந்து, வருவதும் வராததுமாக. நல்ல பொறி நீலமாகச் சடசடக்கும் என்றாள்.

டிக்கியில் பழைய காயில் கிடந்தது. அதை மாட்டினாள். அதே மஞ்சள். புதியதையே திரும்ப மாட்டினாள். பழைய ப்ளக் ஒன்றை வைத்துப் பார்த்தாள். அதே மஞ்சள். ஆக, புதிதாகப் போட்டவை எதுவும் குற்றவாளி இல்லை, கழற்றி எறிந்த பழையவையும் குற்றவாளிகளாக இருந்திருக்க முடியாது. மிச்சம் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் வயர்களும். அவை எல்லாம் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தன. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒன்பது மணிக்கு ராய்ஸ்டன் அழைத்தார். எங்கே என்று கேட்டார். முகத்துவாரத்தில்தான் என்றாள். இன்னுமா என்றார். கார் நின்றுவிட்டது என்று அவள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது சொல்கிறோம் என்று வைத்தாள்.

வெளிச்சத்தில் எதுவும் தெரியாது, இருட்டு வேண்டும் என்றாள். காலை ஒன்பது மணிக்குக் கடற்கரையில் இருட்டுக்கு எங்கே போவது? செல்வி அக்காவின் நண்டுக் கூடைகளுக்கு மேலே நான்கு கழிகளில் கட்டிய நீலத் தார்ப்பாய் ஒன்று இருந்தது. மெர்லின் போய்க் கேட்டாள்.

அக்கா தார்ப்பாயைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், நண்டுகளைப் பார்த்தார்.

"பத்து நிமிசம்தான். நண்டு வெயில்ல செத்துச்சுன்னா அத்தினியும் உன் தலையிலதான் கட்டுவேன், சொல்லிட்டேன்."

அவரே அவிழ்த்துக் கொடுத்தார். கூடைகளை எங்கள் காரின் நிழலுக்கு இழுத்துக்கொண்டார். தார்ப்பாயை இரண்டாக மடித்து, திறந்த பானெட்டின் மேல் போர்த்தினோம். மெர்லின் கூந்தலை முடிந்து, துப்பட்டாவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தலையை உள்ளே விட்டாள். சுழலும் எதிலும் எதுவும் மாட்டிக்கொள்ளக் கூடாது. நான் சாவியைத் திருப்பினேன்.

உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே வந்து என்னைத் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் சாவியைத் திருப்பினாள்.

மீன் வாசனை, சூடான ரப்பர், இருட்டு. பிறகு அது. நீல நரம்புகள். காயிலின் கழுத்திலிருந்து, வயர்களின் மேல்தோல் வழியாக, மூடியின் மேல் கிளை பிரிந்து, இரும்புக்கு இறங்கி மறைந்தன. ஒரு நொடியில் பத்துப் பதினைந்து. வயருக்குள்ளே போக வேண்டிய மின்சாரம் வெளியே ஊர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு அழகான ஒரு பழுதை நான் பார்த்ததில்லை. படித்த நாவல்களில் பழுது என்றால் வேறு ஏதோ ஒன்றின் குறியீடு. இங்கே அது என் முகத்திலிருந்து ஓர் அடி தள்ளி நடந்துகொண்டிருந்தது.

தார்ப்பாயை எடுத்ததும் மெர்லின் ஒரு வயரை நகத்தால் கீறினாள். மேலே புதிய பசை, இன்னும் பச்சை நிறம் மாறாமல். அதன் கீழே சாம்பல் நிறம். அதற்கும் கீழே கெட்டிக் கறுப்பு. அடுக்கடுக்காக. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"போட்டு கிரீஸ்," என்றாள்.

அவள் அப்பா தன் போட்டின், அதாவது படகின், இன்ஜினுக்குப் பூசுவது. கடல்காற்றில் இரும்பு நிற்க வேண்டுமானால் கிரீஸ் பூச வேண்டும், காசிமேட்டில் இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. சனிக்கிழமை மாலை மெர்லின் மாதா கோவிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போகும் நேரம் அவர் படகு இன்ஜினைத் துடைத்துப் பூசுவார். மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்து மகளின் காருக்கும் பூசியிருக்கிறார். கார் நின்ற வாரங்களில் கொஞ்சம் கூடுதலாக.

கிரீஸ் மட்டும் இருந்தால் பெரிதாகக் கெட்டிருக்காது. ஆனால் மெர்லின் தினமும் போகும் சாலை அது. நிலக்கரித் தூள், சாம்பல், லாரிகளின் கரி, சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கத்துத் துகள், எல்லாம் அந்தப் பசையில் ஒட்டியிருக்கின்றன. மேலே உப்பு. காலைப் பனி இறங்கியதும் அந்தக் கறுப்புத் தோல் மின்சாரத்துக்கு ஒரு பாதை ஆகிவிடும். வெயில் ஏறினால் காயும், பாதை மூடும், கார் கிளம்பும். அன்று காலை அப்பாவின் தார்ப்பாய் பனியைத் தடுத்ததால் கிளம்பியது, கடற்காற்று நனைத்ததும் மறுத்தது. கடலில் எல்லா இன்ஜினையும் காப்பாற்றிய ஒரு கை இந்த ஒன்றை மட்டும் வாரா வாரம் கெடுத்துக்கொண்டிருந்தது.

நான் எண்ணூர் கடைத்தெருவரை நடந்து, ஒரு மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். இரண்டு பாட்டில், நூற்று நாற்பது ரூபாய். போகவர நாற்பது நிமிடம். மெர்லின் அதற்குள் தார்ப்பாயைத் திருப்பிக் கட்டிவிட்டு, பழைய சட்டைத் துணியால் முடிந்தவரை வழித்து எடுத்திருந்தாள். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளேயும் ஒரு கறுப்புக் கோடு இருந்தது, பென்சிலால் இழுத்தது போல. மின்சாரம் சுட்டுப் போட்ட பாதை. அதை உப்புத்தாளால் சுரண்டினாள். இது தற்காலிகம்தான், மூடியை மாற்றியே ஆக வேண்டும் என்றாள். ஸ்பிரிட்டால் எல்லாவற்றையும் துடைத்தோம். அது முழுக்கக் காய்ந்து வாசனை போகும்வரை காத்திருந்தோம், ஒரு பொறி போதும் அது பற்றிக்கொள்ள. ஃபியூஸைத் திரும்பச் செருகினாள்.

பத்து ஐம்பதுக்குச் சாவியைத் திருப்பினாள். இரண்டாவது சுற்றில் பற்றியது.

தூண்டில்காரர் தூரத்திலிருந்து கையை உயர்த்தினார், தன் பேட்டரி ஆலோசனைக்குக் கிடைத்த வெற்றி போல. செல்வி அக்காவிடம் அரைக் கிலோ நண்டு வாங்கினோம். ஒரு நண்டுகூட சாகவில்லை என்று ஒவ்வொன்றையும் திருப்பிக் காட்டித்தான் கட்டினார்.

திரும்பும் வழியில் கடல் இடது பக்கம் வந்தது. திருவொற்றியூர் வந்தபோது, நின்றதையே சொல்லாமல் விட்டால் என்ன என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி பூசுவார் என்றாள். அப்பாவிடம் மட்டும் தனியாகச் சொல்லலாமே என்றேன். நைனா முகத்தில் எதுவும் மறையாது என்றாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் சொல்வாள்.

"இந்த வண்டி வேணும்னு எனக்காகப் பேசின ஒரே ஆளு அவருதான். அண்ணன் எதிர்ல அவர எப்படி வுட்டுக் குடுக்கறது?"

நான் டிரெய்லர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

பதினொன்று ஐம்பதுக்கு ராயபுரம். வாசலில் நாற்காலிகள். புரோக்கர் முன்னதாகவே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மெல்லிய மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. ராய்ஸ்டன் சுவரில் சாய்ந்து நின்றார். மெர்லினின் அப்பா பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. மெர்லின் இறங்கியதும் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நின்னுச்சா?"

நான் நினைத்தேன், இப்போது இல்லை என்று சொல்லிவிடுவாள். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நின்னுச்சு," என்றாள்.

புரோக்கர் டம்ளரைக் கீழே வைத்தார். ஏன் நின்றது என்று அண்ணன் கேட்டார். ஈரம் என்றாள். அது பொய் இல்லை.

"ஈரத்துக்கு நிக்கிற வண்டிய வச்சிகினு தெனம் கடலோரமா போகப் போற. நல்லா கீது. எர்ணாவூர்ல உன்னத் தேடிகினு ஓடி வந்தேனே, எனக்குத்தான் தெரியும்." குரல் உயரவே இல்லை. அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

உண்மை காரைக் காப்பாற்றும். அந்த உண்மை மூன்றடி தள்ளி வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கினாள்.

அதைத்தான் அவள் அப்பா பார்த்திருக்க வேண்டும். கிட்டே வந்து அவள் கையைப் பிடித்து விரித்தார். ஸ்பிரிட்டில் போகாத கறுப்பு நகங்களுக்குள் மிச்சமிருந்தது. விரலை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு காரிடம் போய்ப் பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே வயர்கள் சுத்தமாக இருந்தன, முதன்முறையாக அவற்றின் நிறம் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"இது எல்லாத்தையும் வழிச்சிட்டுத்தான் ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்டார்.

மெர்லின் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் பானெட்டை மூடினார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை, புரோக்கரைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நான்தான் வாரா வாரம் போட்டு கிரீஸப் பூசிகினு இருந்தேன். புள்ள விடியக்காலைல தனியா போவுதே, உப்புக் காத்துக்கு வண்டி துரு புடிச்சிக்கக் கூடாதுன்னு. அதான் நின்னுகினே இருந்துருக்குது. நீ டீயக் குடி. வண்டி விக்கிறதுக்கு இல்ல."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில். ராய்ஸ்டன் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"அப்ப எர்ணாவூர்ல நான் தள்னது உன் கிரீஸாலயா?"

"ஆமா."

"தோளு ஒரு வாரம் தூக்க முடியல, தெரியும்ல?"

"டப்பால இன்னும் மிச்சம் கீது," என்றார் அவர். "வேணும்னா தோளுக்குப் பூசிவுடறேன்."

ராய்ஸ்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்புதான். புரோக்கருக்குத் தன் வேலை முடிந்தது புரிந்துவிட்டது. போகும்போது காரின் கதவைத் தட்டிப் பார்த்து, பாடி நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார். மெர்லின் அழவில்லை. உள்ளே போய் நண்டைக் கழுவ ஆரம்பித்தாள். அவள் அப்பா மட்டும் வாசலிலேயே நின்றார். எனக்கு மட்டும் காதில் விழும் குரலில் கேட்டார், கடலுக்குள்ளே இதே கிரீஸால் ஓர் இன்ஜினும் நின்றதில்லையே என்று. நான் தார்ப்பாய்க்குள் பார்த்ததைச் சொன்னேன். நீல நரம்புகள் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்தார். எந்தப் பக்கமாக ஓடியது என்று கேட்டார். காயிலிலிருந்து கீழ்நோக்கி என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்டவற்றை மெர்லினிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். உள்ளே போய் மெர்லினைக் கேட்டார். அவள் கையில் நண்டு ஓட்டோடு வெளியே வந்து, பானெட்டின் மேல் விரலால் வரைந்து காட்டினாள். ராய்ஸ்டனும் வந்து குனிந்தார்.

இந்தப் பயணத்திலிருந்து நான் எதைக் கொண்டுவந்தேன் என்று யோசிக்கிறேன். முகத்துவாரத்தைப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் பார்த்தேன், இரண்டரை மணி நேரம் ஒரு பானெட்டின் உள்ளே பார்த்தேன். ஒருவர் மீதான அக்கறை தவறான இடத்தில் படிவது உண்டு. படிந்ததைச் சுரண்டும்போது சுரண்டுபவருக்கும் வலிக்கும் என்பது அன்று தெரிந்தது. அன்று கொடுத்துவைத்தவள் மெர்லின். பூசியவரே முன்வந்து சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அப்படி நடக்காது.

போக விரும்புபவர்களுக்குச் சில. ராயபுரத்திலிருந்து முகத்துவாரம் பதினைந்து கிலோமீட்டர், ஞாயிறு காலை ஒரு மணி நேரம். கார் இல்லாதவர்கள் விம்கோ நகர் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூர் போகலாம். முகத்துவாரத்தில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, குடிநீர் கொண்டுபோங்கள். தண்ணீரில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். காரைக் கடலுக்கு முதுகைக் காட்டி நிறுத்துங்கள். பழைய பெட்ரோல் கார் என்றால், பனிக்காலத்தில் காலையில் மட்டும் நின்று மதியம் கிளம்பினால், எதையும் வாங்கும் முன் வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் இருட்டில் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் பார்க்க. கையால் எதையும் தொடாதீர்கள், அது நல்ல அடி அடிக்கும். வெளியே கிரீஸ் வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்தால் முழுக்கக் காயவிடுங்கள். தள்ளச் சொல்பவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மொத்தச் செலவு, பெட்ரோல் ஐந்நூறு உட்பட, நண்டு தவிர்த்து, அறுநூற்று எழுபது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன். நான்கு கடை ஏறி இறங்கி, அந்தக் காருக்குப் பொருந்தும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்றும் வயர் செட் ஒன்றும் வாங்கினேன். ராயபுரம் போய், மெர்லினின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.